நிலச்செவியார் வைத்த புள்ளி

சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், பூமி எங்கே குலுங்கினாலும் தரையில் காதை வைத்தே அந்த இடத்தைச் சொல்லிவிடும் மகான் நிலச்செவியார் நகர மண்டபத்தில் எழுந்தருளியிருக்கிறார்! அவர் வாக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. யாரும் சரிபார்த்ததும் இல்லை.

படிக்கட்டு வரை கூட்டம். நடுவில் தையற்காரி, கழுத்தில் அளவு டேப்போடு நின்றாள். போன மாத அதிர்வின் மையம் அவள் தையல் மெஷினுக்கு நேர் கீழே என்று மகான் சொல்லிவிட்டார். மாலையில் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்குபவர் மகானின் மைத்துனர். பாதி விலைக்கு நிலநடுக்கத்தின் மேலேயே குடியிருக்கத் துணிந்த தியாகி!

"அண்ணி, அது கடலுக்குள்ள வந்த அதிர்வு" என்றாள் நாத்தனார். நில அதிர்வு நிலையத்தில் வேலை பார்ப்பவள்.

"போடி! நீங்க முட்டை மாதிரி கோடு போட்டு, இதுக்குள்ள எங்கேயோன்னு இழுப்பீங்க. அவர் புள்ளியே வைக்கிறாரு!"

"தைக்கும்போது ஓரத்துல துணி விடுறீங்களே, எதுக்கு?"

"அளவு முன்னே பின்னே இருக்குமே..."

"எங்க முட்டையும் அதுக்குத்தான்."

நாத்தனார் மேடையேறி, ஆறு அதிர்வுகளின் பதிவுத்தாள்களை ஒட்டிய உறைகளில் நீட்டினாள். மகான் ஒவ்வொன்றையும் தரையில் வைத்துக் காதை அழுத்தி, வரைபடத்தில் ஊசி குத்தினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லோரும் டீ குடித்தார்கள். பிறகு இன்னும் ஆறு உறைகள், ஆறு ஊசிகள், அதே கைதட்டல்.

நாத்தனார் உறைகளைப் பிரித்தாள். இரண்டாவது ஆறும் முதல் ஆறின் நகல்களே! வரிசை மட்டும் மாறியிருந்தது.

தையற்காரியே டேப்பால் அளந்தாள். ஒரே அதிர்வுக்கு ஓர் ஊசி மலையில், இன்னொன்று கடலில். ஆறில் ஒரு ஜோடிகூடப் பக்கத்தில் இல்லை. நிலையத்தில் இரண்டு பேர் தனித்தனியே போட்ட கணக்கையும் நாத்தனார் விரித்தாள். ஆறு இடத்திலும் முட்டைமேல் முட்டை படுத்திருந்தது.

"பூமி நகர்ந்துவிட்டது, மகளே" என்றார் மகான்.

"டீ குடிக்கிற நேரத்துலயா சாமி?"

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. அந்த அதிர்வின் மையம் எங்கே என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் காது தேவைப்படவில்லை. மைத்துனர் பின்வாசலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எங்க வீட்டு அதிர்வையும் இன்னொரு தடவை கேட்டுச் சொல்லுங்க!" என்று தையற்காரி டேப்போடு நெருங்கினாள். மகானுக்குத் திடீரென்று காதுவலி.

கைதட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள், ஐயா. கை எங்கும் ஓடிவிடாது.

வீடு விற்கப்படவில்லை. போன மாத அதிர்வு கடலில்தான் வந்தது.