பெட்டி வரும்வரை நான்தான் சிக்னல்

மனிதனைப் பார்த்து மனிதன் பொறாமைப்படுவது வழமை. நான் ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். சோற்றுப் பெட்டி அளவு. வெள்ளை நிறம். இரண்டு பச்சை லைட். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சண்டை முடிந்த அடுத்த வருடம். வாவிக்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் சிற்றூழியன். (எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு அது பெரிய உத்தியோகம்.) நோயாளிகள் படுக்கும் பழைய வாட்டை சுனாமி கொண்டுபோய்விட்டது. புதியதைக் கடல் வரமுடியாதபடி கட்டினார்கள். சுவர் முழுக்கக் கொங்கிறீட், கூரை முழுக்கத் தகரம். கடல் வரவில்லை. போன் சிக்னலும் வரவில்லை.

வாட்டின் கடைசி யன்னலில் மட்டும் இரண்டு கோடு காட்டும். நடக்கக்கூடியவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். நடக்க முடியாதவர்களின் போன்களை நான் யன்னலில் வரிசையாக வைத்திருப்பேன். மணி அடித்தால் எடுப்பேன். அங்கே சொல்வதை இங்கே கத்துவேன். இங்கே சொல்வதை அங்கே சொல்வேன்.

ஆறாம் கட்டில் மாமிக்கு ஊர் உன்னிச்சை. வயல் வட்டைக்குப் போனவர் வரம்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். காலில் கயிறு, கயிற்றில் பாரம். கட்டிலை அசைக்கக்கூடாது. மகன் கட்டாரில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் அடிப்பார்.

"மாமி! சாப்பிட்டீங்களா எண்டு கேக்கிறார்!"

"ஓம் எண்டு சொல்லு மனே! மீன் குழம்பு!"

"மீன் குழம்பாம் அண்ணன்."

மூன்றாம் கட்டில் கிழவி இடையில் புகுவார். "அது குழம்பில்ல, மீன் குளிச்ச தண்ணி எண்டு சொல்லு!"

அதையும் சொல்வேன். கட்டாரில் சிரிப்பார்கள்.

மாமிக்குத் துணைக்கு நின்றது மகள் செல்வி. போன் முடிந்ததும் எனக்கு ஒரு பிளேன்ரீ தருவாள். பாலில்லாமல் இஞ்சி போட்ட தேத்தண்ணி. நீலப் பூக் கோப்பையில். இரண்டு மாதம் இப்படிப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் கண்ணாடி பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து சுரேஸ் வந்தான். வாட்டுக்குள் சிக்னல் கொண்டுவரும் பெட்டி பொருத்த. அவன் சட்டையில் இஸ்திரி மடிப்பு. என் சட்டையில் பினைல் மணம். கூரையில் ஒரு அன்ரனா, கல்லடிப் பக்க டவரைப் பார்த்தபடி. அங்கிருந்து வயர். நடுவில் பெட்டி. வாட்டுக்குள் முகட்டில் தட்டுப்போல இன்னொரு அன்ரனா.

"வெளிய ஒரு காது, உள்ளுக்க ஒரு வாய். அவ்வளவுதான் அண்ணன்," என்றான். "இனி நீங்க ஓடித் திரியத் தேவையில்ல. ஆறுதலா இருக்கலாம்."

எனக்கு ஆறுதல் வரவில்லை.

செல்வி அவனிடம் கேட்டாள்: "வெள்ளிக்கு முதல் முடிஞ்சிருமா?" முடியும் என்றான். மாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்கு பிளேன்ரீ போனது. நீலப் பூக் கோப்பையில். நான் எண்ணினேன். நாலு நாளில் ஏழு கோப்பை. (எனக்கு ஏழு கோப்பை வர ஏழு வெள்ளி.)

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டியில் பச்சை எரிந்தது. போன் மாமியின் கையில். சுரேஸ் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தான். மாமி என்னைக் கூப்பிட்டார்.

"மனே, இண்டைக்கு நீ இங்க நிக்காத. வெளிய ஏதும் வேலை இருந்தாப் பாரு."

சரி என்றேன். வெளியே வந்து, தண்ணீர்த் தாங்கி ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனேன்.

என் திட்டம் பெரிதல்ல. அன்ரனா டவரைப் பார்க்காவிட்டால் சிக்னல் போகும். மாமி திரும்ப என்னைக் கூப்பிடுவார். அன்ரனாவின் கழுத்தைத் திருகி, நன்றாகக் குனியவைத்தேன். அது கூரையில் காற்றுக்கு விட்ட இடைவெளி வழியாக நேரே வாட்டுக்குள் பார்த்தது.

இறங்க முதல் கீழே ஒரு சத்தம். "ஏய்! பஹின்ன!" சந்தி சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரர், இறங்கு என்று சிங்களத்தில். ஒரு கையில் துவக்கு, மறு கையில் போன். இறங்கினேன். ஒரு வருடம் முன்பு இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இல்லை.

"என்ட அம்மா கதைக்குது. கட்! நீ மேல என்ன செய்யிற?"

கேற்றடியில் சனம் கூடியிருந்தது. ஓட்டோக்காரர், பழக்கடைக்காரர், எல்லார் கையிலும் போன். சந்தி முழுக்க லைன் இல்லை. சுரேஸ் ஓடிவந்தான். கூரையைப் பார்த்தான். தலையில் கை வைத்தான்.

"அண்ணன், திருவிழாவில மைக்க ஸ்பீக்கருக்கு நேர பிடிச்சா என்ன நடக்கும்?"

"கூவும்."

"அதான் நடந்தது. உள்ளுக்க இருக்கிற வாய் கத்த, காது அதையே கேட்டு, திரும்பத் திரும்பக் கத்தி, டவருக்கே காதடைச்சுப் போச்சு. ஆர் திருப்பினது?"

"காத்து," என்றேன்.

அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

ஆமியில் பெரியவர் வந்தார். அன்ரனாவுக்குப் புதிதாக அனுமதிக் கடிதம் வேண்டும், அதுவரை அணைத்து வை என்றார். சுரேஸ் பெட்டியை நிறுத்தினான். பச்சை அணைந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம்.

வாட்டுக்குள் வந்தால் செல்வி அழுகிறாள்.

"கதைச்சிக்கிட்டு இருக்கக்குள்ள கட்டாப் போச்சு மனே," என்றார் மாமி. "ஆஸ்பத்திரியில ஒரு பொடியன், நம்மட செல்விக்கு எண்டு சொல்லுறன், கட். மகன் என்னத்த நினைச்சானோ."

ஒரு பொடியன். எனக்கு விளங்கிவிட்டது. இஸ்திரி மடிப்பு. ஏழு கோப்பை.

அப்போது மாமியின் போனை யன்னலுக்குக் கொண்டுபோனேன். உடனே அடித்தது. கட்டார் கொதித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, ஆரந்தப் பொடியன்? நீ அங்கதானே நிக்கிறாய். உண்மையச் சொல்லு, எப்படி ஆள்?"

இப்படி ஒரு சந்தர்ப்பம் மனிதனுக்கு ஒருமுறைதான் வரும். யன்னலில் நின்று பழகிய தொண்டை. முழு வாட்டுக்கும் கேட்கக் கத்தினேன்.

"நம்ப ஏலாத ஆள் அண்ணன்! பொம்புளப் புள்ளையக் குடுக்கிற இடமில்ல!"

செல்வி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"ஏன் மனே," என்றார் மாமி, "உன்னப் பத்தி நீயே இப்படிச் சொல்லுறாய்?"

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னக் கேக்கிறத உன்ட வாயாலேயே எப்படிக் கத்திக் கேக்கிற? அதுக்குத்தானே அந்தப் பெட்டி எப்ப வரும் எண்டு பாத்துக்கிட்டுக் கிடந்தம்! அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்தி ஊத்திச் சீனியும் முடிஞ்சுது!"

கட்டார் காதுக்குள் கத்தியது. "அங்க என்ன சத்தம்? அம்மா என்ன சொல்லுறா?"

"அண்ணன்," என்றேன். "அந்தப் பொடியன் நான்தான்."

கட்டார் என் பேச்சை எனக்கே திருப்பியது.

"அப்ப மறுகா ஏன்டா நம்ப ஏலா எண்ட?"

"பொறாமையில சொல்லிப்போட்டன்."

"ஆரில?"

"ஒரு பெட்டியில."

மூன்றாம் கட்டில் கிழவி சொன்னார்: "புள்ள, இதுக்கு அந்தப் பெட்டியையே கட்டலாம்."

லைன் கட்டானது. இந்த முறை நான் தொடவில்லை.

அண்ணன் சம்மதிக்க ஒரு வருடம் எடுத்தது. நாவற்குடாவில் என் வீட்டைச் சுற்றி மூன்று இடத்தில் விசாரித்தார். மூன்று இடத்திலும் நல்ல பொடியன் என்றார்கள். "அவனே நம்ப ஏலா எண்டான், நீங்க ஆர் அவனுக்கு மேல?" என்று கேட்டாராம். கலியாணத்துக்கு சுரேசும் வந்தான். வெள்ளைச் சட்டை. அதைப் பார்க்க எனக்கு இன்னும் அவ்வளவு நல்லாயிருக்கவில்லை.

இப்போது மகளுக்குப் பதினொரு வயது. போன மாதம் என் போனைக் காணவில்லை. மகள் தாயின் போனிலிருந்து அடித்துத் தேடினாள். அரிசி வாளிக்குப் பின்னால் மணி அடித்தது. அவள் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். என் நம்பரை செல்வி என்ன பெயரில் பதிந்திருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது.

நம்ப ஏலாத ஆள்.

மாற்றச் சொல்லவில்லை. என் வாயால் வந்த பெயர்.