மையில் தெரிந்த வரவு செலவு

மை போட்டுக் குறி சொல்லும் சித்தர் வந்த ஒன்பதாம் நாள் மாரண்டஹள்ளிச் சந்தையில் ஈ காக்கை இல்லை. கத்தரிக்காய் விற்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் கூடைகளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, அவர் தங்கிய சத்திரத்து வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். பாலக்கோட்டிலிருந்து சின்ன ரயிலில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மலையிலிருந்து தேன் கொண்டுவந்தவர்கள் தேனை விற்காமல் வரிசையில் இடம் பிடித்தார்கள். ஒருவருக்குத் தொலைந்த எருமை வேண்டும். ஒருவருக்குத் தொலைந்த மருமகன். இன்னொருவருக்கு மருமகன் தொலைய வேண்டும்.

அந்த வரிசையில், காலேஜில் இரண்டு வருஷம் படித்த ஒரே ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு நின்றான். பெயர் குப்புராஜ். அது நான்தான்.

எருமை எதுவும் எனக்குத் தொலையவில்லை. எனக்கு ஐந்து வருஷத்து வரவு செலவுத் திட்டம் வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நடத்திய தொழிற்பள்ளிக்கு நான் காரியதரிசி. வயது வந்தவர்கள் படிக்கும் பள்ளி. காலையில் எழுத்தும் கணக்கும், மதியத்துக்கு மேல் தச்சும் நெசவும். அறுவடைக்கு வீட்டுக்கு ஒரு வள்ளம் கேழ்வரகு, மாணவருக்கு மாதம் எட்டணா, ஜில்லா போர்டு தரும் கிராண்டுப் பணம், இவைதான் வருமானம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் நூற்றுப் பதினெட்டுப் பேர் படித்தார்கள். முப்பத்து நாலில் அறுபத்து நாலு பேர். கேழ்வரகு விலை பாதியாகிவிட்டது. கிராண்டு அறுநூறிலிருந்து நானூற்று இருபதுக்கு இறங்கியது. போதாதென்று போர்டிலிருந்து ஒரு கடிதம்: ஐந்து வருஷத்துக்குத் திட்டம் அனுப்பினால்தான் இனி கிராண்டு.

நான் உட்கார்ந்து எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். செலவு வருஷம் ஆயிரத்து நானூறு வந்தது. வரவு எப்படிக் கூட்டினாலும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. காலேஜ் படிப்பை முழுவதும் பயன்படுத்தி, வரவுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "எதிர்பாராத வரவு, ரூபாய் நானூறு." கணக்கு அழகாகச் சரியாகிவிட்டது.

அதைக் குள்ளம்மாளிடம் காட்டினேன். குள்ளம்மாள் எங்கள் நெசவு ஆசிரியை. முப்பது வயதுக்கு மேல் கைநாட்டாக இந்தப் பள்ளிக்குள் வந்து, எழுதக் கற்று, கணக்குக் கற்று, கடைசியில் பள்ளியின் பேரேட்டையே எழுதத் தொடங்கியவர். தாளைப் பார்த்தார்.

"எதிர்பாராத வரவுன்னு எழுதிட்டு, அதையே எதிர்பாத்துட்டு உக்காந்திருக்கறமே, ஐயா. அது வராட்டி என்னங்க பண்றது?"

"அதெல்லாம் வரும்மா. நல்ல காரியத்துக்குப் பணம் வராமப் போகாது."

"நாலு வருசமா அதே நல்ல காரியந்தானுங்களே பண்ணிட்டிருக்கறோம்."

பதில் தெரியாதபோது படித்தவன் என்ன செய்வான்? தன்னைவிடப் பெரிய ஆளிடம் போவான். நான் சித்தரிடம் போனேன்.

மத்தியானத்துக்கு மேல் என் முறை வந்தது. சித்தர் புலித்தோல்மேல் உட்கார்ந்திருந்தார். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, அதை விளக்குக்கு நேரே பிடித்து, கண் கொட்டாமல் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. அவராகவே பேசினார்.

"பள்ளிக்கூடம் தெரியுது. பச்சை அட்டை போட்ட பெரிய புஸ்தகம். எழுதறது ஒரு பொம்பளை. போன வருசம் பள்ளம். எண்பத்தேழு ரூபா… ஆறணா."

குடை என் கையிலிருந்து விழுந்தது. எண்பத்தேழு ரூபாய் ஆறணாதான் பற்றாக்குறை. எங்கள் சங்கத் தலைவர் நஞ்சப்பனிடம்கூட ஆறணாவை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்தேன்.

"சாமி, இனி வர்ற வருசம் தெரியுங்களா?"

"நோடப்பா," என்று கன்னடத்தில் தொடங்கினார். "எல்லாம் தெரியுது. எழுதிக்கோ." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பத்தைந்தில் ஆயிரத்து இருநூற்றுப் பத்து. முப்பத்தாறில் ஆயிரத்து அறுநூறு. முப்பத்தொன்பதில் மூவாயிரம், உலகமெங்கும் சமாதானம். இத்தனையும் கிடைக்க ஒரு தடை மட்டும் விலக வேண்டும். அதற்கு ஒரு யாகம். முந்நூறு ரூபாய்.

சங்கக் கூட்டத்தில் நான் அந்தத் தொகைகளை வாசித்தபோது நஞ்சப்பன் கண் கலங்கினார். நிலக்கடலை வியாபாரத்தில் ஒரு தம்படிக்கு ஒரு நாள் பேரம் பேசுகிற மனிதர் அவர். யாகத்துக்கு மட்டும் பேரமே பேசவில்லை. பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. கட்டட நிதியில் அறுநூறு இருந்தது. அதைத் தொட போர்டின் அனுமதி வேண்டும். நெசவுப் பிரிவில் எட்டுத் தறிகள் இருந்தன. அவற்றைத் தொட யாருடைய அனுமதியும் வேண்டாம். விற்றுவிடலாம் என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். கையெழுத்தும் அழகாகவே போட்டேன்.

செய்தியைக் குள்ளம்மாளிடம் நானே சொன்னேன். அவர் தறியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அறுந்த இழையை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இருவத்திரண்டு பேர் இதுல நெய்யக் கத்துக்கறாங்க. அவங்க எங்கங்க போவாங்க?"

"யாகம் முடிஞ்சா முப்பது தறி வாங்கலாம்மா. மையிலேயே தெரிஞ்சிருக்குது. ஆறணா வரைக்கும் சொன்னார்."

"பழைய கணக்கை அணாவோட சொன்னாரு, சரிங்க. அது நம்ம பேரேட்டுலயே இருக்குது. அவரு காதுக்கு எப்படிப் போச்சுன்னு பாக்கணும்."

"யார் சொல்லியிருப்பாங்க? கணக்கு தெரிஞ்சது உங்களுக்கும் எனக்குந்தானே."

"நான் சொல்லலீங்க," என்றார் குள்ளம்மாள். அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் என்னைத் தனியாக அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. பெல்ரம்பட்டிக்காரர் ஒருத்தர், சிவப்புத் தலைப்பாகை கட்டினவரு, நூத்தி எழுவத்தஞ்சு ரூபா நன்கொடை குடுத்துட்டுப் போனாரு. வரவு வெக்காம உட்டுட்டேன். தலைவருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும். தயவு பண்ணி யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"என்னம்மா இது, நான் போய்ச் சொல்வேனா?" என்றேன்.

சொல்லவில்லை. சத்தியமாக எந்தப் பெரிய மனிதரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தர் பள்ளிக்கே வந்தார். யாகத்துக்கு நாள் குறிக்க வேண்டும். ஊரே திரண்டு வந்து, உள்ளே இடம் இல்லாமல் ஜன்னல் கம்பிகளில் தொங்கியது. குள்ளம்மாள் முன்னால் வந்து கும்பிட்டார்.

"சாமி, யாகத்துக்கு முன்னால இன்னொரு தரம் எங்க கணக்கைப் பாத்துச் சொல்லணுங்க. ஏதாவது குத்தம் இருந்தாத் தீத்துக்கறோம்."

சித்தர் வெற்றிலையைப் பிடித்தார். முகம் இருண்டது.

"பாவம் தெரியுது. மேற்கால ஒரு ஊரு. சிவப்புத் தலைப்பாகை கட்டினவன். நூத்தி எழுபத்தஞ்சு ரூபா குடுத்தான். புஸ்தகத்துல ஏறல. ஒரு பொம்பளை மறைச்சிருக்கா. இந்தப் பாவத்துக்கு இன்னும் ஐம்பது ரூபா ஆகும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன், இரண்டு பக்கமும்.

குள்ளம்மாள் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு ஆளே இல்லீங்க. தலைப்பாகையும் இல்ல, நூத்தி எழுவத்தஞ்சும் இல்ல. செவ்வாக்கிழமை காலைல நானா இட்டுக்கட்டினது. ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"யார்கிட்ட?" என்றார் நஞ்சப்பன்.

குள்ளம்மாள் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அந்த மரியாதையால் எந்தப் பயனும் இல்லை. ஊர் மொத்தமும் என்னைத்தான் பார்த்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலைங்க," என்றேன். "காபி கிளப் வாசல்ல, வெத்தலை வாங்கறப்ப, அந்த வெத்தலைக்காரர்கிட்ட மட்டும்… பேச்சுவாக்குல…"

அந்த வெற்றிலைக்காரர் ஊருக்குப் புதியவர். சித்தருக்குப் பத்து நாள் முன்னால் வந்து கடை போட்டவர். நல்ல மனிதர். நான் பேசும்போது குறுக்கே பேசவே மாட்டார். அப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம் என்று மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தின் பின்வரிசையில் அவர் நின்ற இடத்தில் இப்போது வெற்றிலைக் கூடை மட்டும் இருந்தது.

சித்தர் விடவில்லை. "மையில பொய்யும் தெரியும், மெய்யும் தெரியும். மனசுல நினைச்சது தெரியும்," என்றார்.

"சரிங்க சாமி." குள்ளம்மாள் மூடிய தகர டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தார். "இதுல நூல்கண்டு இருக்குது. எண்ணாம, கண்ணை மூடிட்டு அள்ளிப் போட்டேன். எத்தனைன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மையில பாத்துச் சொல்லுங்க."

சித்தர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விளக்கைத் தூண்டச் சொன்னார். எருமைக்காரர் ஒருவர், "சீக்கிரம் சொல்லு சாமி, நான் பால் கறக்கப் போகணும்," என்றார்.

"இருபத்தொண்ணு," என்றார் சித்தர்.

நஞ்சப்பன் டப்பாவைக் கவிழ்த்து எல்லோர் முன்னாலும் எண்ணினார். ஒன்பது.

அதற்குள் யாரோ வெற்றிலைக் கூடையைக் கிளறி, அடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஆளுக்கு ஒரு பக்கம். யார் வீட்டில் எருமை தொலைந்தது, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் இருந்தது. நஞ்சப்பனுக்கு அரைப் பக்கம். எனக்கு நான்கு பக்கம். என் பெயருக்குக் கீழே முதல் வரியாக இப்படி எழுதியிருந்தது: "கேட்க வேண்டியதில்லை. தானே சொல்வார்."

குள்ளம்மாள்தான் அதை உரக்க வாசித்தார். வாசிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளியின் காரியதரிசி என்ற முறையில், உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. சித்தரைப் போலீசார் வந்து கூட்டிப்போனார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. அடிக்க ஓங்கினவர்கள், தங்கள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ என்று பயந்து கையை இறக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மீண்டும் சங்கம் கூடியது. இந்தத் தடவை குள்ளம்மாளுக்கும் நாற்காலி போட்டோம். தறி விற்கும் தீர்மானத்தை நானே ரத்துச் செய்ய முன்மொழிந்தேன். பிறகு அவர் திட்டத்தைச் சொன்னார்.

"கிராண்டு வருசா வருசம் நாப்பது ரூபா குறையும்னு வெச்சுக்குவோம். குறையாட்டி லாபம். மாணவருங்க அம்பது பேருன்னு வெப்போம். கேழ்வரகை அறுப்பு சமயத்துல விக்க வேண்டாம், ஆடி வரைக்கும் வெச்சிருந்து விப்போம். தறி எட்டுலயும் துண்டு நெய்து சந்தையில வெப்போம். தச்சுப் பட்டறைல ஏர் செய்து கொடுப்போம். அப்புறம் செலவு…" கொஞ்சம் தயங்கினார். "காரியதரிசிக்குப் பிரயாணப் படி வருசம் முப்பத்தாறு ரூபாங்க. ஐயா எங்கயும் பிரயாணம் போனதாத் தெரியல."

"காபி கிளப் வரைக்கும் போவாரு," என்றார் நஞ்சப்பன்.

வெட்டினார்கள். எதிர்பாராத வரவு என்ற வரியையும் வெட்டினார்கள். கணக்கு முதல் தடவையாக உண்மையிலேயே சரியானது. போர்டும் ஏற்றுக்கொண்டது.

அவருடைய கணிப்பு அப்படியே பலித்ததா என்றால், இல்லை. முதல் வருஷம் பதினோரு ரூபாய் தப்பியது. மூன்றாம் வருஷம் மழை இல்லாமல் அறுபது ரூபாய் தப்பியது. ஒவ்வொரு வருஷமும் எங்கே தப்பினோம், ஏன் தப்பினோம் என்று அவரே சிவப்பில் எழுதி, அடுத்த வருஷத்தைத் திருத்தினார். முப்பத்தொன்பதில் உலகமெங்கும் சமாதானம் எந்த லட்சணத்தில் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நூல் விலை ஏறியது. பள்ளி மூடவில்லை.

போன மாதம் ஏரியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். அங்கும் வருமானம் விழுந்துகொண்டிருந்ததாம்.

"உங்க பள்ளிக்கூடம் மட்டும் எப்படிங்க தப்பிச்சுது?" என்று கேட்டார்கள்.

"எல்லாம் குள்ளம்மாள்ங்க. அஞ்சு வருசத்தையும் முன்னாடியே சொல்லிட்டாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் என் காதருகே குனிந்தார். "அந்தம்மா மை போடுவாங்களா?"

"போடுவாங்க," என்றேன். "பேனாவுக்கு."

அவர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டு, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு குள்ளம்மாளைப் பார்க்கப் போனார்கள். நான் தடுக்கவில்லை. குள்ளம்மாள் முதலில் பேரேட்டைக் கொண்டுவரச் சொல்வார், கூட்டச் சொல்வார், தப்பினால் மறுபடி கூட்டச் சொல்வார். மூளையைப் பயன்படுத்துவது அவ்வளவு சிரமமாக இருப்பதால்தான் முந்நூறு ரூபாய் கொடுத்தாவது அதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோம்.