பார்க்கா, பார்க்கிங்கா?

ஒன்பதே நிமிடம். அதற்கு மேல் ஒரு நொடிகூட ஆகக்கூடாது என்று கண்ணாடி முன் நின்று சபதம் செய்தேன். புது ஷூவின் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டினேன்.

விஷயம் இதுதான். பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில் எங்கள் எட்டு மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. அங்கே என் காரை நிறுத்த வேண்டும் என்பது என் பதினோரு வருடக் கனவு. இப்போது நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் சேரவே இன்னொரு கார் வேண்டும். என் மனைவி நெவேனாவுக்கோ அந்த இடத்தில் மரமும் பெஞ்சும் வேண்டும். அவளுக்கு பார்க், எனக்கு பார்க்கிங். நான் 'கிங்'காக இருப்பது அந்த ஒரு சொல்லில் மட்டும்தான்.

எந்த வீட்டிலிருந்து பூங்கா எத்தனை நிமிட நடை என்று நகராட்சி வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள் என்றால் காலி மனை வண்டிகளுக்கு. தாண்டினால் அங்கே புதுப் பூங்கா. முதலில் அதிகாரிகள் அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, பழைய பூங்கா பக்கத்தில்தான் என்றார்கள். நெவேனா நேரில் போய், அளவுகோல் ரயில் பாதையைத் தாண்டும், மனுஷன் தாண்டுவானா என்று கேட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு, கட்டடத்துக்கு ஒருவர் செல்போனோடு பூங்கா கேட் வரை சுற்றி நடந்து காட்ட வேண்டும் என்று ஆனது. நேரத்தைப் போனே பதிவு செய்துவிடும்; நடந்தவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

நடப்பதற்கு என் பெயரைச் சொன்னதே நெவேனாதான்.

"நம்ம கட்டடத்துலயே வேகமா நடக்கறது நீங்கதான். வர்ற ஞாயித்துக்கிழமை காலையில நடந்துடுங்க."

"உனக்கு பார்க் வேண்டாமா?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். மூன்று நாளும் ஒன்பது நிமிடம்.

ஞாயிறு காலை போனை அழுத்திவிட்டு நடையைக் கட்டினேன். கீழ்த்தளத்து கரம்ஃபில் வாசலிலேயே நின்றார். ஒரு கையில் ராக்கியா என்ற பழச் சாராயக் கோப்பை, மறு கையில் பொரித்த மீன்.

"என்ன ராட்கோ, வாழ்த்தாமப் போறே? இன்னிக்கு என் பெயர் நாளாச்சே."

காலண்டரைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. பூ, மரம், செடியின் பெயர் வைத்த அத்தனை பேருக்கும் பெயர் நாள். அழைப்பெல்லாம் கிடையாது. கண்ணில் பட்டவன் வாழ்த்திவிட்டு, கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். தேதி வருடா வருடம் மாறும். நானும் வருடா வருடம் மறப்பேன்.

கரம்ஃபில் ஒரு பூ. எதிர்வீட்டு மார்கரிதா இன்னொரு பூ. மூலைக்கடை யாசென் மரம். வழியை மறித்து நின்றதும் மரம் மாதிரியேதான். எங்கள் தெருவே ஒரு நந்தவனம் என்று அன்றுதான் தெரிந்தது. பூங்கா கேட்டைத் தொட்டபோது போன் ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் காட்டியது.

ஆனால் பையிலிருந்த படிவத்தை எடுத்து அதன் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். 'இன்று விசேஷ நாளா? ஆம் என்றால் மறுபடி நடக்கலாம்.' ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"நெவேனா, இது செல்லாது. மறுபடி நடக்கணும்."

"ஏன்?"

"ஏன்னா இன்னிக்கு..."

அப்போதுதான் உறைத்தது. நெவேனா என்பதும் ஒரு பூதான். இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தும் பூ. ஊரில் உள்ள பூவையெல்லாம் வாழ்த்திவிட்டு இவளிடம் வெறுங்கையோடு வந்து நிற்கிறேன். போன வருடம் மறந்ததற்கு இரண்டு வாரம் வெறும் சூப்தான் கிடைத்தது.

"இன்னிக்கு என்ன?" என்று பேனாவை நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல. சாதாரண ஞாயித்துக்கிழமைதான்."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவள் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"சரி, இப்ப வாழ்த்து சொல்லுங்க," என்றாள்.