நாலந்தாவில் உடைத்த தேங்காய்

ஒரு ஊரில் பிறந்து வளர்ந்தவனை நம்பி அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பக்கூடாது. எந்தக் கடையில் வடை சூடாக இருக்கும், எந்த பஸ் சொன்ன நேரத்துக்கு வராது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பழங்காலத்துக் கல் ஒன்றைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுவா, அது அங்கதான் இருக்கு" என்பான். ஜேர்மனியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் அந்தக் கல்லைப் பார்த்து, படம் பிடித்து, ஊருக்குத் திரும்பிப் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டி முடித்திருப்பார். நம்ம ஆள் இன்னும் வடைக்கடையிலேயே இருப்பான்.

நான் அந்த வகையைச் சேர்ந்தவன். மாத்தளையில் பிறந்து, மாத்தளையிலேயே படித்து, இரத்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகும்வரை அலுவிகாரை என்ற பழைய புத்த விகாரையின் வாசலை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன். (அதுவும் ஜன்னல் சீட் கிடைத்த நாட்களில்.)

என் மனைவி விஜி கொழும்புக்காரி. கொட்டாஞ்சேனையில் அவளுடைய அண்ணனுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருந்தது. கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே மச்சானிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. வாத்தியார் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வரலாமாம். கடைக்கு மேலேயே வீடாம். மச்சானின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி நிறுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க "சரிங்க மச்சான்" சொல்வதற்கா நான் பட்டம் எடுத்தேன்? ஆனால் விஜிக்கு ஆசை இருந்தது. அவளைக் குறை சொல்லவும் முடியாது.

"இந்த ஊர்ல அப்படி என்னங்க இருக்கு? பொழுது சாஞ்சா கடையெல்லாம் சாத்திர்றாங்க" என்றாள் ஒருநாள்.

"என்ன இருக்கா? சரித்திரம் இருக்கு!"

"எங்க?"

"சுத்தி."

"அப்ப காட்டுங்க. பார்த்துட்டு சொல்றேன். மனசுக்குப் பிடிச்சா இருப்போம். இல்லன்னா அண்ணனை லொறி அனுப்பச் சொல்லிருவேன்."

ஆக, அந்தப் பயணம் உல்லாசப் பயணம் அல்ல. எனக்கு வைத்த பரீட்சை. அலுவிகாரை, நாலந்தா, தம்புள்ளைக் குகைகள், அங்கேயே ஒரு மியூசியம், மறுநாள் சிகிரியா என்று பாடத்திட்டம் போட்டேன். அது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ரேடியோவில் சமாதானம் என்று சொன்னார்கள். ஆனால் துப்பாக்கியை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

வாகனம் தந்தவர் கருப்பையா மாமா. மிளகு, சாதிக்காய் வியாபாரம். அவருடைய பழைய மொரிஸ் மைனர் காரில் மனிதர்களைவிட மிளகு மூட்டைகளே அதிகம் பயணம் செய்திருந்தன. சீட்டில் உட்கார்ந்தால் மிளகுத் தூசி எழும்பும். புறப்படும் முன் மாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார் மாமா. பிறகு இன்னொரு தேங்காயையும் ஒரு கற்பூரப் பெட்டியையும் விஜியின் மடியில் வைத்தார்.

"வண்டி ரொம்ப நாளா தூரப் பயணம் போகல. போற வழியில முதல்ல எந்தக் கோயில் வருதோ, அங்க எறங்கி ஒண்ணு ஒடச்சிருங்க தம்பி. மறந்துறாதீங்க. மறந்தீங்கன்னா வண்டி என்ன செய்யும்னு எனக்கே தெரியாது."

நகரத்தைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையைக் கண்டதும் சிப்பாய் டிக்கியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். குனிந்து தலையை உள்ளே விட்டவன் தும்மினான். நிமிர்ந்து தும்மினான். சாவடிக்குள் போய்த் தும்மினான். போகச் சொல்லி அங்கிருந்தே கையைக் காட்டினான். "பரவாயில்ல, நல்ல ஆரம்பம்" என்றேன். விஜி பதிலுக்குத் தும்மினாள்.

அலுவிகாரையில், புத்த பிக்குகள் ஓலையில் மறைநூல் எழுதிய இடத்தைக் காட்டி அவளை அசத்திவிட வேண்டும் என்பது திட்டம். நான் அவளை முதலில் அழைத்துச் சென்ற குகை நரகக் குகை. (எனக்கு எப்படித் தெரியும்?) பாவம் செய்தவர்களை அங்கே அறுக்கிறார்கள், குத்துகிறார்கள், மண்டையைப் பிளக்கிறார்கள். எல்லாம் நல்ல பளிச்சென்ற வர்ணத்தில். புது மனைவிக்குச் சொந்த ஊரின் பெருமையைக் காட்டப் போனவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

"இவங்கெல்லாம் யாருங்க?" என்றாள் விஜி.

"பாவிங்க."

"நான் உங்க ஸ்கூல் பிள்ளைங்களோன்னு நினைச்சேன்."

அடுத்தது நாலந்தா. பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பிப் போனால், குளத்து நீருக்கு நடுவே மேடு கட்டி, அதன்மேல் கல்லாலேயே ஆன கெடிகே என்ற பழைய கட்டடம். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தூண், மண்டபம், விமானம் எல்லாம் அப்படியே நம்ம கோயில்!

"பார்த்தியா விஜி! சிவன் கோயில். நம்ம ஆளுங்க கட்டினது."

"அப்ப பூசாரி எங்க?"

"மத்தியானம் நடை சாத்திருப்பாங்க."

"கதவே இல்லையே."

கணித ஆசிரியன் ஒரு விடையை எழுதிவிட்டால் அழிக்கமாட்டான். வயிறு பெருத்த ஓர் உருவம் செதுக்கியிருந்ததைக் காட்டி, "அங்க பாரு, புள்ளையார்" என்றேன்.

"தும்பிக்கையைக் காணோம்?"

"ஒடஞ்சிருக்கும்."

அடித்தளத்தில் இன்னொரு சிற்பமும் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. விஜி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மாமா சொன்ன முதல் கோயில் இதுதான் என்று முடிவாயிற்று. செருப்பைக் கழற்றினோம். படிக்கல்லில் கற்பூரத்தை ஏற்றினேன். தேங்காயை மூன்று தரம் சுற்றி, பக்கத்திலிருந்த ஒரு கல்லில் ஓங்கி அடித்தேன். உடையவில்லை. துள்ளி விழுந்து புல்லில் உருண்டது. மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது தேங்காய் உடையாமல் போவதைவிட ஓர் ஆண்மகனுக்கு வேறு அவமானம் உண்டா? ஓடிப்போய் எடுத்துவந்து, மச்சானின் கடை முழுவதையும் மனதில் நினைத்துக்கொண்டு மறுபடி அடித்தேன்.

வெடித்தது. சத்தம் குளத்தில் பட்டு எதிரொலித்தது. ஒரு பாதி பறந்துபோய், மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ஊர்காவல் படைக்காரரின் மடியில் விழுந்தது. அங்கே ஒருவர் தூங்குகிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அவர் கண் விழிப்பதற்கு முன்பே துப்பாக்கி நிமிர்ந்துவிட்டது.

தமிழ் அடையாள அட்டையும் பெரிய சத்தமும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாத காலம் அது. உண்மையிலேயே பயந்துபோனேன். விஜியை என் பின்னால் இழுத்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அவள்தான் முன்னால் நின்றாள்.

அந்த மனிதர் மடியிலிருந்த தேங்காயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், புகைந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். அதற்குள் அந்த இடத்தின் காவலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, "காட்டத பொல் கெஹுவே?" என்று கேட்டார். யாருக்குத் தேங்காய் அடித்தாய் என்று அர்த்தம்.

நாம் நல்லது நடக்க உடைக்கிறோம். சிங்களவர்கள் தங்கள் தெய்வக் கோயிலில் தேங்காய் உடைத்தால், பல நேரம் அது களவெடுத்தவனையோ கேடு செய்தவனையோ தெய்வத்திடம் ஒப்படைப்பதற்காக. இது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மூளைக்கு ஏறவில்லை. உள்ளதை உள்ளபடி சிங்களத்தில் சொன்னேன்: "எங்க வாகனத்துக்கு."

இருவரும் தூரத்தில் நின்ற மொரிஸ் மைனரைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக் காரையே சபிக்கிறவன் மற்றவர்களை என்ன செய்வான் என்று அவர்கள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

ஊர்காவல் படைக்காரர் எங்களைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்றார். காவலாளியோ, புகைக்கரி பட்டது பழைய கல், ஆகவே தன் மேலதிகாரி வந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதுவரைக்கும் எங்களை, உடைந்த சிற்பங்கள் வைத்திருந்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். மியூசியம் என்றார் காவலாளி. அந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த ஒரே மியூசியம் அதுதான்.

குளத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் மூலம் செய்தி ஊருக்குப் போய்விட்டது. மாத்தளையிலிருந்து தமிழ் மாஸ்டர் ஒருவர் வந்து தேங்காய் அடித்திருக்கிறாராம். ஜன்னலில் தலைகள் முளைத்தன. ஒருவர் போக ஒருவர் வந்து பார்த்தார்கள். கையில்லாத ஒரு கற்சிலைக்கும் மூக்கில்லாத இன்னொன்றுக்கும் நடுவில் நான். எனக்குப் பயத்தில் வாய் அடைத்துப்போயிருந்தது. பொலிஸ் வந்தால் விஜியை எங்கே கொண்டுபோவார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை. அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே இருந்தவர்கள் அதை மந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சோமாவதி என்ற பெண் முன்னால் வந்து அழுதாள். அவளுடைய மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் மோட்டரை யாரோ களவெடுத்துவிட்டார்களாம். "நங்கி, தங்கச்சி, உங்க வீட்டு மஹத்தயாகிட்ட சொல்லி, எனக்கும் ஒண்ணு அடிக்கச் சொல்லுங்க. தமிழ் ஆளுங்க அடிச்சா சும்மா போகாது" என்றாள் சிங்களத்தில்.

விஜி கொழும்பில் வளர்ந்தவள். அவளுடைய சிங்களம் எனதைவிட எவ்வளவோ மேல். இல்லை, இவர் வெறும் கணக்கு வாத்தியார் என்று சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "அவரு இப்ப பேசமாட்டாரு அக்கா. அடிச்சது அடிச்சதுதான். களவெடுத்தவன் பொழுது சாயறதுக்குள்ள கொண்டுவந்து வச்சிட்டா தப்பிச்சான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்ன விஜி சொல்ற?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா இருங்க. நீங்கதான் பேசக்கூடாதே."

மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. கரி படிந்த கல்லைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தமிழ் நன்றாகவே பேசினார்.

"வாசல்ல மூணு பாஷையிலயும் பலகை இருக்கு. வாசிக்கலையா?"

"நான் கணித ஆசிரியர் சேர்."

"கணித ஆசிரியருக்கு வாசிக்கத் தெரியாதா?"

(பலகையில்தான் என் பையை மாட்டிவைத்திருந்தேன்.) இது புத்தர் சிலை வைத்த மனை என்றும், கோயில் அல்ல என்றும் அவர் சொல்லி, பொலிஸுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கூச்சல். சோமாவதி தலைதெறிக்க ஓடிவந்தாள். மோட்டர் வந்துவிட்டதாம்! அவளுடைய பலாமரத்தடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறதாம்!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர்காவல் படைக்காரர் துப்பாக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எனக்கு உட்கார ஒரு கதிரை கொண்டுவந்தார். பொலிஸைப் பற்றி அதன்பிறகு எவருமே பேசவில்லை. அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், கல்லைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போகும்படி உத்தரவிட்டார். குளத்திலிருந்து ஊரே தண்ணீர் அள்ளிக் கொடுக்க, நான் முழங்காலில் நின்று தேய்த்தேன். புறப்படும்போது காவலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காருக்குப் போட்ட சாபத்தை எடுத்தாயிற்றா என்று கவலையோடு விசாரித்தார்.

தம்புள்ளை, சிகிரியா எல்லாம் அதோடு போயிற்று. காரை மாத்தளைக்குத் திருப்பினேன். பரீட்சையில் சைபர் என்பது எனக்கே தெரிந்தது. நரகத்தைக் காட்டினேன், துப்பாக்கியைக் காட்டினேன், அவளைச் சிலைகளோடு உட்கார வைத்தேன். "அண்ணனை லொறி அனுப்பச் சொல்லு" என்றேன். அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின; அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை டெலிபோன் கடைக்குப் போய் அண்ணனுக்குப் பேசினாள். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாததால் எல்லாம் கேட்டது.

"இல்லண்ணே, லொறி வேணாம்... ஊரு பிடிச்சதுன்னு இல்லண்ணே, ஊருல ஒண்ணும் இல்ல. ஆனா நேத்து மாதிரி நான் என் வாழ்க்கையில சிரிச்சதில்ல. இவரை உங்க கடையில கொண்டுவந்து நிறுத்தினா இவரு திருந்திருவாரு. வேணாம்ணே."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. சந்தோஷம்தான் வந்தது, சொல்லத் தெரியாத சந்தோஷம். அவள் வெளியே வந்தபோது ஒன்றும் கேட்காதவன் போல் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளையை விட்டு நாங்கள் போகவில்லை. நான் தலைமை ஆசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஏன் கொழும்புக்குப் போகாமல் இருந்துவிட்டீர்கள் என்று வீட்டுக்கு வருகிற யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்கு முன் விஜி தேத்தண்ணியை நீட்டியபடி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிவிடுவாள்:

"இவரு ஒரு நாள் மியூசியத்துல இருந்தவருங்க. எடத்த விட்டு எடுத்தா ஒடஞ்சிருவாரு."