எண்பத்தைந்து மார்க் வெளிச்சம்

"எறங்குடி. இந்த லைட்டுலதான் ஆளு பளிச்சுன்னு கீறே."

"பளிச்சுன்னா? பொணம் மாதிரி கீறேன், யம்மா."

மகிழினி ஸ்டூல் மேல் நின்றபடி டியூப் லைட்டைக் கழற்றப் பார்த்தாள். பெண் பார்க்க வருகிறார்களே, மகள் சிவப்பாகத் தெரியட்டும் என்று பட்டம்மாள் நடைபாதைக் கடையில் வாங்கி மாட்டிய, நீலம் பாய்ந்த டியூப் அது. மகள் மாட்ட வைத்திருந்தது வேறு டியூப். சாத்தாங்காடு இரும்புக் கடை ஆபீசில் வாங்கும் சம்பளத்தில், மூன்று கடை ஏறி இறங்கி விசாரித்து வாங்கியது. இயற்பியல் படித்தவள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள்.

"நெறத்த அப்டியே காட்டறதுல இது நூத்துக்கு எம்பத்தஞ்சு மார்க்கு. பிசிக்ஸ்ல நான் எடுத்த மார்க்கவிட ஜாஸ்தி."

"உன் நெறத்தையுமா?"

"அதுக்குத்தான் வாங்கினேன். நாளைக்கு வெயில்ல பாத்துட்டு ஏமாந்துட்டேன்னு எவனும் சொல்லக் கூடாது."

பட்டம்மாள் ஸ்டூலைப் பிடுங்கி, அறை மூலையில் இருந்த அடுப்பருகே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து கேசரி கிண்டினாள். அந்த வெளிச்சத்தில் கேசரி வெளிறித் தெரிந்தது. ஒரு சிட்டிகை கலர் பொடி போட்டாள். போதவில்லை. மூன்று சிட்டிகை ஆயிற்று. மகள் முகமும் சாம்பலாகத் தெரிந்தது. திமிறத் திமிறப் பிடித்து ரோஸ் பவுடர் பூசினாள். அது ஊதாவாகத் தெரிய, மேலும் அப்பினாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆறு மணிக்கு மேல்தான் வருவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆறேகாலுக்கு ஆட்டோ சத்தம் கேட்டது. பட்டம்மாள் வாசலுக்கு ஓட, மகிழினி ஸ்டூலை இழுத்துப் போட்டு டியூபை மாற்றி ஸ்விட்சைத் தட்டினாள்.

சுவரின் ஈரத்திட்டு தெரிந்தது. கேசரி செங்கல் நிறத்தில் கனன்றது. கண்ணாடியில் திருவிழாக் கடை பொம்மை ஒன்று அவளை முறைத்தது. முகத்தை அலம்பிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

மாப்பிள்ளை அன்பரசன் கழுத்தில் கைக்குட்டை சுற்றியிருந்தான். உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் அம்மா ராஜாத்தி மட்டும் டியூபை அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"இன்னா லைட்டு இது? வேற இல்லியா?"

"கீதும்மா, இதோ மாத்திடறேன்." பட்டம்மாள் நீல டியூபோடு பாய்ந்தாள்.

மகிழினிக்குச் சுருக்கென்றது.

"மாத்த முடியாது. நான் கருப்புதான். புடிச்சா உக்காருங்க. புடிக்கலன்னா ஆட்டோ இன்னும் தெருமுனை தாண்டல."

அன்பரசன் கைக்குட்டையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். கூட வந்திருந்த அவன் அத்தை, கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"உன்ன யாரும்மா சொன்னா? பையன் கருப்பு தெரியக் கூடாதுன்னுதான் பொழுது சாஞ்சி இட்டுகினு வந்தோம். உன் லைட்டுல அவன் பூசிகினு வந்த பவுடரு தாடையோட நின்னுபோன கோடு தெருவுக்கே தெரியுது."