முன்னறைக்கு நாலு தேர்தல்

இனிமேல் இந்த வீட்டில் நான் தோற்கப்போவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முடிவு செய்தேன். வாயெல்லாம் நுரை. அதனால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே இன்னொரு தடவை தோற்றிருப்பேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகை செய்யும் கம்பெனியில் எழுத்து வெட்டுகிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாகப் பித்தளைத் தகட்டில் அமைச்சர்கள் பெயரைப் பொறிக்கிறேன். எங்கள் நாட்டில் மூன்று வருஷத்தில் நாலு தேர்தல். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடையாது. ஏதாவது ஒரு சின்னக் கட்சி வெளியிலிருந்து முட்டுக் கொடுக்கும். அதற்கு ஒரு நாள் கோபம் வரும். ஆட்சி கவிழும். மறுபடியும் தேர்தல்.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் கம்பெனி கொழித்திருக்க வேண்டும், இல்லையா? முதல் இரண்டு ஆட்சிக்குக் கொழித்தது. அப்புறம்தான் சிக்கல். நான் பலகையை மெருகேற்றி முடிப்பதற்குள் அமைச்சர் வீட்டுக்குப் போயிருப்பார். அப்படித் தங்கிப்போன ஏழு பலகைகளை எடுத்து வந்து எங்கள் முன்னறைச் சுவரில் மாட்டி வைத்தேன். மூன்றாவது ஆட்சியில் ஒரு புத்திசாலி அதிகாரி வந்தார். "பலகையில ஒரு செருகு சட்டம் மட்டும் வெச்சுக் குடுங்க. பேரை அட்டையில எழுதிச் சொருகிக்கறோம். போனா உருவிடலாம்" என்றார். அன்றோடு எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது. ஆறு நாள் வேலை மூன்று நாளானது.

அடுத்தது எங்கள் வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில், "இது ஜனநாயக வீடு" என்று நான்தான் மார்தட்டினேன். எதை முடிவு செய்வதானாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டு. வெள்ளைப் பட்டன் போட்டால் சம்மதம், கறுப்புப் பட்டன் போட்டால் எதிர்ப்பு. வந்தவர் ஓட்டு மட்டும்தான் செல்லும். சமமாக நின்றாலோ, யாராவது தோற்றாலோ, அடுத்த ஞாயிறு மறுதேர்தல் கேட்கலாம். நேரத்தைக் குறிப்பது கேட்டவர் உரிமை. சட்டமெல்லாம் என்னுடையது. பட்டன் மட்டும் என் மனைவியுடையது.

இப்போது வாக்காளர்கள் நாலு பேர். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அப்புறம் என் மாமனார். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அந்த ஒரு வாரம் பதினோரு வருஷமாக நடக்கிறது.

அந்த முதல் ஞாயிறு மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, தையல் வேலை நிறைய வருது. யாரும் புதுத்துணி எடுக்கறதில்ல. இருக்கறதையே பிடிச்சுப் பிரிச்சுப் போட்டுக்கறாங்க. முன்னறையில கடை போடலாம்னு இருக்கேன்."

"முன்னறையா? என் முன்னறையா?"

"உங்க முன்னறையேதான்."

"என் நாற்காலி? என் ரேடியோ? அந்த ஏழு அமைச்சர்கள்?"

"அவங்களை நாடே இறக்கி விட்டாச்சு. நாம சுவத்துலேருந்து இறக்கக் கூடாதா?"

மகள் சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. ஆனால் வெள்ளைப் பட்டனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு நாள் வேலை ரெண்டு நாளாயிட்டா என்ன பண்ணுவீங்க? இவளுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி இருக்கு" என்றாள் மனைவி.

"நிலையான ஆட்சி வந்தா எல்லாம் சரியாயிடும்."

"அது எப்போ வரும்?"

"அடுத்த தேர்தல்ல."

"போன தேர்தலுக்கு நீங்க ஓட்டுப் போடவே போகல. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கிடந்தீங்க."

"அலுத்துப்போச்சும்மா. எத்தனை தடவைதான் போடறது?"

டப்பாவைக் கவிழ்த்தோம். மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு யாருடையது என்று ஆராய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மனைவி பட்டன்களைப் பொறுக்கி எடுத்தாள். நான் மறுதேர்தல் கேட்டேன். கேட்டுவிட்டுப் போய்ப் பல் தேய்க்கும்போதுதான் அந்தச் சபதம்.

சபதத்தோடு ஒரு யோசனையும் வந்தது. போன தேர்தலில் நான் ஏன் போகவில்லை? அலுப்பு. என்னை மாதிரி எத்தனையோ பேர் போகவில்லை. போனவன் வைத்ததுதான் சட்டமாயிற்று. ஆக, ஜெயிப்பதற்கு ஆதரவே தேவையில்லை. மற்றவர்களை அலுக்க வைத்தால் போதும்!

இப்படிப்பட்ட யோசனையை மனசுக்குள்ளேயே பூட்டி வைக்க முடியுமா? பக்கத்து வீட்டு டாக்சிக்காரரிடம் மதில்மேல் கைவைத்துச் சொன்னேன். பாவம், சவாரி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு முன்னால் காரை விற்றுவிட்டார். ஷெட் சும்மா கிடந்தது. அவரும் சும்மா கிடந்தார்.

"ஞாயிறுதோறும் விடிகாலையில தேர்தல் வெச்சுக்கிட்டே இருக்கப் போறேன். ஒவ்வொருத்தரா சலிச்சுப் போயிடுவாங்க. கடைசியில நான் மட்டும் வருவேன். எப்படி?"

"அடேங்கப்பா! உங்க மூளையே மூளை சார். எத்தனை தேர்தல் வைக்கப் போறீங்க?"

"இன்னும் ரெண்டு போதும்னு பாக்கறேன்."

"ரெண்டு பத்தாது சார். மூணு வைங்க. மூணு வாரம் கிடைச்சா எல்லா வேலையும் முடிஞ்சிரும்."

இப்படி ஒரு நல்ல மனுஷன் பக்கத்து வீட்டில் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் கட்டைவிரலில் நீலப் பெயிண்ட் இருந்தது. காரை விற்ற துக்கத்தில் எதையோ பூசிக்கொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தேர்தல் காலை ஆறு மணிக்கு. மகள் வரவில்லை. "அப்பா, உங்க நாட்டுப் பிரச்சினையை நீங்களே தீர்த்துக்கோங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. மாமனார் கண்ணைத் திறக்காமலே நடந்து வந்தார்.

"மாப்பிள்ளை, போன வாரம் போட்டதுதானே?"

"மறுதேர்தல் மாமா."

"என் மனசு மாறலையே."

"மாறியிருக்கான்னு பார்க்கத்தான் தேர்தல்."

இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. மறுபடி கேட்டேன். மூன்றாவது தேர்தல் ஐந்தரை மணிக்கு. மாமனாருக்கு முதுகுவலி. மனைவி மட்டும் வந்து, கொட்டாவி விட்டபடி ஒரு வெள்ளையைப் போட்டுவிட்டுப் போனாள். ஒன்றுக்கு ஒன்று. நான் உள்ளுக்குள் குதித்தேன். அன்று சாப்பிடும்போது மாமனாரைக் கவனித்தேன்.

"மாமா, காதுல என்ன நீலமா இருக்கு?"

"வயசானா அப்படித்தான் மாப்பிள்ளை."

நாலாவது தேர்தல் விடிகாலை ஐந்து மணிக்கு என்று அறிவித்தேன். அதற்கு முந்தின சாயங்காலம் மனைவி, "தலை வலிக்குதுங்க. நான் பொண்ணு ரூம்ல படுத்துக்கறேன். காலையில யாரும் எங்களை எழுப்பாதீங்க" என்றாள். எழுப்புவேனா? நுனிக்காலில் நடந்துபோய், சத்தம் வராமல் டப்பாவைத் திறந்து, என் ஒற்றைக் கறுப்புப் பட்டனைப் போட்டேன். அப்புறம் எண்ணினேன். ஒன்றுதான். இருந்தாலும் இரண்டு தடவை எண்ணினேன்.

எட்டு மணிக்கு எங்கிருந்தோ வந்த மனைவியிடம் முடிவை அறிவித்தேன். நூற்றுக்கு நூறு! அவள் மறுதேர்தல் கேட்பாள் என்று நாலு மணிக்கு அலாரம் வைக்கக்கூடத் தயாராக இருந்தேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்த "சரிங்க"வைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும். நான் போய் நாற்காலியைத் துடைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லாத நாள். முன்னறையில் வெற்றிவீரனாக உட்கார்ந்தேன். ரேடியோவைப் போட்டேன். ஆட்சி மறுபடி கவிழ்ந்துவிட்டதாம். "கேட்டீங்களா மாமா!" என்று கத்தினேன். பதில் இல்லை. "ஏம்மா, டீ இருக்கா?" பதில் இல்லை. வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். ஒரு ஈ காக்கை இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வெள்ளிக்கிழமையே மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், இனி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை என்று. மனைவி அன்றைக்குக் கேட்டது அப்படியே நடந்துவிட்டது. அதை வீட்டில் சொல்லாமல், விடிகாலையில் எழுந்து பட்டன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். மகள் படிப்பைவிட எனக்கு இந்த நாற்காலி பெரிதாகப் போய்விட்டது. சொல்லி அழவும் ஆள் இல்லை. சுவரைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு அமைச்சரைக் காணோம். ஏழில் ஆறுதான் இருந்தது.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல் மிஷின் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். டாக்சிக்காரரின் ஷெட் பளிச்சென்று நீலமாக நின்றது. உள்ளே என் மனைவி மிஷினில். முதுகுவலிக்கார மாமனார் நிமிர்ந்து நின்று இஸ்திரி போடுகிறார். மகள் துணிகளுக்குச் சீட்டு எழுதிக் குத்துகிறாள். வாசலில் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். டாக்சிக்காரர் அவர்களை ஒழுங்குபடுத்துகிறார். என்னைப் பார்த்ததும், "சார், வரிசையில வாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓட்டுப் போட வராதவர்கள் எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நான் நினைத்துவிட்டேன். இவர்கள் தேர்தலை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, என்னை விட்டுவிட்டார்களே என்று அழுகை வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றேன்.

"சொன்னேனே. முதல் ஞாயித்துக்கிழமையே கடை போடணும்னு சொன்னேன். நீங்க ரூமைப் பத்தி மட்டும்தான் பேசினீங்க."

"ரூமைத்தானே கேட்டே?"

"கடை போடட்டுமான்னு மட்டும் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தேன். "பெண்டாட்டி சம்பாதிச்சு நான் உட்கார்ந்து சாப்பிடறதான்னு குதிச்சிருப்பேன்."

"அதான் ரூமைக் கேட்டேன். நாலு வாரம் ரூமுக்காகச் சண்டை போட்டீங்க. கடையை ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லல."

மாமனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எனக்காக ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "கம்பெனியில இனிமே ரெண்டு நாள்தான்."

"தெரியும். உங்க மேனேஜர் சொன்னார்."

"அவர் எங்கே உன்னைப் பார்த்தார்?"

"பேன்ட்டை இடுப்புல பிடிக்கக் குடுத்திருக்கார். அவருக்கும் இளைச்சுத்தானே போச்சு. அதுக்குக் கூலியா நம்ம கடைப் பலகையைக் கம்பெனியிலேயே வெட்ட வெச்சுக் குடுத்தார்."

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். காணாமல்போன அமைச்சர் கதவுக்கு மேலே தொங்கினார். பின்பக்கம் முன்னால் திரும்பியிருந்தது. பித்தளையில் ஆழமாக என் மனைவி பெயர், அதன்கீழ் "உரிமையாளர்". நான் வராத நாளாகப் பார்த்து என் பக்கத்து மேஜைக்காரன் வெட்டியிருக்கிறான். எழுத்து என்னுடையதைவிட நன்றாக வேறு இருந்தது.

"நானும் இங்கே ஏதாவது பண்ணட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "பட்டன் தைக்கத் தெரியும். எண்ணவும் தெரியும்."

"அது நேத்தே ஓட்டுப் போட்டு முடிவாயாச்சு" என்றாள் மகள்.

"நேத்து எப்போ?"

"காலையில அஞ்சு மணிக்குப்பா. நீங்க அங்கே தனியா ஜெயிச்சுக்கிட்டிருந்தப்போ. டப்பா உங்ககிட்ட இருந்ததால டீ கிளாஸ்ல போட்டோம். ரெண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. நீங்க சேர்ந்தாச்சு."

"கறுப்பு யாரு?"

மாமனார் ஒரு சட்டைக் காலரை ரொம்ப நேரம் இஸ்திரி போட்டார்.

மனைவி எழுந்து வந்து கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து என் கழுத்தில் போட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்க மறுபடியும் பலகையைப் பார்த்தேன். பித்தளைக்குக் கீழே ஒரு சின்னச் செருகு சட்டம். எங்கள் கம்பெனிச் சரக்கேதான். அதில் ஒரு அட்டை சொருகியிருந்தது. "உதவியாளர்" என்று போட்டு என் பெயர். பென்சிலில்.

"ஏம்மா," என்றேன், "இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் பித்தளையில பேர் வெட்டினவன். என் பேரையும் பித்தளையில போடக் கூடாதா?"

"முதல்ல ஆறு மாசம் தாங்கறீங்களான்னு பார்ப்போங்க."