மூன்றாம் பக்கத்து மூதாட்டி நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

லூபோக் சீனா, தாமான் ஸ்ரீ கெனாங்கா, பதினாறாம் எண் வீட்டிலிருந்து அங்கமுத்து மகன் ரங்கசாமி, வயது அறுபத்தொன்பது, பணிவன்புடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் தண்ணீர் புகாத இடத்தில் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் இங்கே நலம். வீட்டுக்குள் மட்டும் கணுக்கால் வரைக்கும் சேறு. தங்கள் நாளிதழை இருபத்தெட்டு வருஷமாக வாங்கிப் படித்து வருகிறேன் என்பதையும், இதற்கு முன் ஒரு தடவைகூடக் குறை சொல்லி எழுதியதில்லை என்பதையும் முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடந்த வியாழக்கிழமை மூன்றாம் பக்கத்தில், தீயணைப்பு வீரர் ஒருவர் இடுப்பளவு வெள்ளத்தில் ஒருவரை முதுகில் சுமந்து வரும் வண்ணப்படத்தை வெளியிட்டிருந்தீர்கள். அதன் கீழே, 'லூபோக் சீனா வெள்ளத்தில் தவித்த மூதாட்டி மீனம்மா தம்புசாமி (வயது 82) பத்திரமாக மீட்கப்பட்டார்' என்று போட்டிருந்தது. படம் நல்ல தெளிவு. அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஐயா, முதுகில் இருக்கும் அந்த மூதாட்டி நான்தான்.

நான் ஆண்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். இது எப்படி நேர்ந்தது என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டால்தான் திருத்தம் போட வசதியாக இருக்கும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

மூன்று நாள் விடாத மழை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆறும் ஏறி, கடலும் ஏறி, தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் திரும்பிவிட்டது. மூன்று மணிக்குள் எல்லாரும் பள்ளி மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே ஒரு வேன் போனது. என் மனைவி இந்திராதேவி கெட்டிக்காரி. எங்கள் அடையாளக் கார்டு, மருந்து, சாமிப் படம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ராணுவ லோரியில் ஏறிவிட்டாள். "நீ போ, நான் மீனம்மாக்காவக் கூட்டிக்கிட்டுப் பின்னாடியே வரேன்" என்றேன். மீனம்மா என்பவர் எங்கள் பக்கத்து வீடு. வயது எழுபத்து நான்கு. புருஷன் போய்ப் பதினோரு வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை, இரண்டு முட்டியும் சரியில்லை.

நான் போகும்போது அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெளம்புங்க."

"நீ போ தம்பி."

"தண்ணி ஏறுது அக்கா."

"ஏறட்டும். மண்டபத்துத் தரையில படுத்தா என்னால எந்திரிக்க முடியாது. அங்க எல்லாரும் புள்ளகுட்டியோட இருப்பாங்க. நா யாரோட இருக்கிறது?"

"எங்களோட இருங்க" என்றேன். "சரி, துணி மாத்திக்கிட்டு வரேன், வெளிய நில்லு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் நின்றேன். ஒருவர் மண்டபத்துக்குப் போவதற்குத் துணி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று தாங்களே சொல்லுங்கள். நான் நிற்கும்போது முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. சரி, ஜன்னல் பக்கமாகப் போய்க் குரல் கொடுப்போம் என்று நடந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய லோங்காங் இருக்கு. இருபது வருஷமா நான் தாண்டிப் போற சாக்கடை அது, அன்னைக்கு மட்டும் எனக்கு ஞாபகம் வரல. ஒரு காலை வெச்சேன், ஆளே உள்ள போயிட்டேன். மேலே வரும்போது தலை கேட் தூண்ல இடிச்சி ரத்தம், கட்டியிருந்த கைலி வெள்ளத்தோட போயிடுச்சி, வாயைத் தொறந்து அக்கான்னு கத்தினதுல மேல் பல் கீழ் பல் ரெண்டு செட்டும் தண்ணியில விழுந்திடுச்சி. நான் ஜன்னல் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு, உள்ளாடையோட, பல் இல்லாம நிக்கிறேன்.

மீனம்மாக்கா ஜன்னலைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் அவருடைய கஃப்தான் ஒன்றைக் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார். நம் பெண்கள் வீட்டில் போடும் தொளதொள அங்கிதான், ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய செம்பருத்திப் பூ. கூடவே ஒரு துண்டையும் கொடுத்து, "தலைய இறுக்கிக் கட்டு, ரத்தம் வருது" என்றார். மானம் பெரிதா நிறம் பெரிதா. மாட்டிக்கொண்டேன். அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு மறுபடி துணி மாற்றப் போய்விட்டார்.

அந்த நேரம்தான் பொம்பா என்கிற தீயணைப்புக்காரர்களின் படகு வந்தது. மூலையில் மூழ்கிக் கிடந்த காரைத் தாண்டிப் படகு வர முடியவில்லை. ஹஃபிஸ் என்ற தீயணைப்பு வீரர் இறங்கி நடந்து வந்தார். நல்ல பிள்ளை, அவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நான் வீட்டைக் காட்டி, உள்ளே ஆள் இருக்கிறது என்று மலாயில், "டாலாம், டாலாம்" என்றேன். மலாயில் டாலாம் என்றால் உள்ளே என்றும் அர்த்தம், ஆழம் என்றும் அர்த்தம். அவர், "ஆமா நெனே, ஆழம்தான், பயப்படாதீங்க" என்று மலாயில் சொல்லிக்கொண்டே என்னை முதுகில் தூக்கிவிட்டார். நெனே என்றால் பாட்டி. அப்போது படகிலிருந்து எடுத்ததுதான் தாங்கள் வெளியிட்ட படம்.

எடுத்தவர் தங்கள் நிருபர் ஷாந்தினி. படகில் என்னை உட்காரவைத்ததும், "பாட்டி, உங்க பேரு என்ன?" என்று அன்பாகக் கேட்டது அந்தப் பெண். நான் வீட்டுப் பக்கம் கையை நீட்டி, மீனம்மா, மீனம்மா என்று கத்துகிறேன். பல் இல்லாத வாயில் வேறு எந்த வார்த்தையும் வெளியே வரவில்லை ஐயா, அந்தப் பேர் ஒன்றுதான் தெளிவாக வந்தது. அந்தப் பெண் அதையே எழுதிக்கொண்டது. படகு கிளம்பிவிட்டது. நான் பதற்றத்தில் கையைக் காலை உதறுகிறேன், பாட்டிக்கு அதிர்ச்சி என்று சொல்லி ஒருத்தர் என் முதுகைத் தடவுகிறார், இன்னொருத்தர் பிஸ்கட் கொடுக்கிறார். வீடு பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே முட்டி முடியாத ஒரு பொம்பள, நா வருவேன்னு நின்னுக்கிட்டிருக்கா.

எனக்கு வேற வழி தெரியல. குதிச்சிட்டேன்.

எனக்கு நீச்சல் வராது. அந்தக் கஃப்தான் காத்துப் புகுந்து பலூன் மாதிரி உப்பிக்கிட்டதால முழுகாம மிதந்தேன், அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஹஃபிஸ் பின்னாலேயே குதிச்சி என் கழுத்தைப் பிடிச்சாரு. அப்பத்தான் எல்லாரும் கொஞ்சம் சும்மா இருந்தாங்க, இஞ்சினையும் நிறுத்தினாங்க. வீட்டுக்குள்ளேருந்து டங் டங்னு சத்தம். அக்கா கட்டில் மேல ஏறி நின்னு, கரண்டியால ஜன்னல் கம்பியைத் தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. தண்ணி அழுத்தினதுல கதவு தொறக்கல.

பின்பக்கக் கம்பியை அறுத்து அவரை வெளியே எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் தண்ணீர் கட்டிலைத் தாண்டியிருந்தது. அக்கா புதுப் புடவையில், நெற்றியில் விபூதியோடு இருந்தார். அதற்குத்தான் அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. படகில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார், மண்டபம் போய்ச் சேரும் வரைக்கும் விடவில்லை. அதை யாரும் படம் எடுக்கவில்லை. நான் குதித்ததில் கேமராவுக்குள் தண்ணீர் போய்விட்டது, முன்னாடி எடுத்த படம் மட்டும் தப்பியது என்று ஷாந்தினி சொன்னது.

மண்டபத்தில் படகுக்காரர்கள் இரண்டு மூதாட்டிகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். என்னைப் பெண்கள் பக்கம் உட்காரவைத்தார்கள். அங்கே இந்திராதேவி, எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா என்று மேசை மேசையாகக் கேட்டு, ரங்கசாமி என்ற பேரே பட்டியலில் இல்லை என்றதும் மறுபடி முதல் மேசைக்கே திரும்பிப் போகிறாள். இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனாள். நான் கூப்பிட்டேன், அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை குனிந்து என் காலைப் பார்த்தாள். லோரி பெடலை மிதித்து மிதித்துக் கட்டைவிரல் கோணிப்போன கால். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்து மூணு வருஷக் கல்யாண வாழ்க்கையில அவ அப்படிச் சிரிச்சி நான் பார்த்ததில்லை.

இத்தோடு போயிருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. காப்பி குடிக்கக் கொப்பிக் கடையில் நான் நுழைந்தால் எழுந்து நாற்காலி போடுகிறார்கள், "பாட்டி உக்காருங்க" என்கிறார்கள். சுங்கை ரம்பாயிலிருந்து சம்பந்தி போன் செய்து, உங்க பக்கத்து வீட்டு அம்மாவைப் பேப்பர்ல பார்த்தோம், ரொம்பத் தளர்ந்துட்டாங்க போலிருக்கே என்று வருத்தப்பட்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் புவனேஷ் அதே படத்தை எனக்கே அனுப்பி, "பாவம்பா, நீங்க போய் ஹெல்ப் பண்ணலையா?" என்று கேட்டிருக்கிறான். நான் பெற்ற பிள்ளை ஐயா.

மீனம்மாக்காவும் சந்தோஷமாக இல்லை. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "எம்பத்து ரெண்டா?" என்று மட்டும் கேட்டார். விசாரித்ததில், மண்டபத்துப் பட்டியலில் அவர் முழுப்பெயரும் எழுபத்து நான்கு என்ற வயதும் சரியாகத்தான் இருந்ததாம். படத்தைப் பார்த்துவிட்டு, இது நம்பும்படியாக இல்லை என்று தங்கள் அலுவலகத்தில் யாரோ எட்டு வயது கூட்டியிருக்கிறார்கள்.

ஆகையால், படத்தில் இருப்பது ரங்கசாமி, ஆண், வயது அறுபத்தொன்பது, வெள்ளத்தில் தவிக்கவில்லை, பக்கத்து வீட்டாரைக் காப்பாற்றப் போனவர் என்று அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கஃப்தான் இரவல் வாங்கியது என்பதையும் சேர்த்தால் நல்லது. அந்தப் பெண் ஷாந்தினியைத் திட்ட வேண்டாம். அதுவும் எங்களோடு தண்ணீரில்தான் நின்றது.

தங்கள் குடும்பமும் தங்கள் பத்திரிகையும் நீண்ட காலம் நல்லபடியாக நடக்க, எங்கள் தாமான் முனையில் இருக்கும் மாரியம்மனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்
அ. ரங்கசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சனிக்கிழமை எழுதினேன். தபால் நிலையத்திலும் சேறு, அதனால் அனுப்ப முடியவில்லை. இன்று திங்கட்கிழமை. நேற்றுக் காலை நான் வாசலில் சேறு தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பேர் மாரியம்மா, பேராக் பக்கமாம். மீனம்மாக்காவின் கூடப் பிறந்த தங்கை. அவர்கள் வேலை செய்த தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கம் போய், எழுதின கடிதம் எல்லாம் திரும்பி வந்து, முப்பத்து மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் கையில் தங்கள் பத்திரிகை.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். நான்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளிடம், "எத்தனை வருஷமானா என்ன, எங்கக்கா மொகம் எனக்குத் தெரியாதா? பார்த்த ஒடனே தெரிஞ்சிக்கிட்டேன்" என்றார். நான் பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டினேன். அதன் பிறகு அங்கே நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. இந்திராதேவி மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஆகவே திருத்தம் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வயதைக்கூட அப்படியே விட்டுவிடுங்கள். இன்று காலை இரண்டு பேரும் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் பூப்போட்டது ஒனக்கு எடுப்பா இருக்குக்கா" என்று தங்கை சொன்னார். மீனம்மாக்கா என் பக்கம் திரும்பாமலே, "ம், நல்ல துணி" என்றார்.